டம்மி பட்டனுக்குப் பின்னால் இருப்பது



கொஞ்சம் நீளமான பதிவு. கார் விஷயத்தில் ஆர்வம் இல்லாதவர்களும், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், நடுவில் ரிவர்ஸ் சென்சார் பற்றி எழுதியிருப்பதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நம்மில் பெரும்பாலானோர் வாங்குவது பேஸ் மாடல் கார். இல்லாவிட்டால் அதற்கு ஒரு படி மேல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டைப் பாருங்கள். வரிசையாக மூன்று நான்கு பட்டன்கள் மாதிரி இருக்கும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. டாப் மாடல் வாங்கியவருக்கு அந்த இடத்தில் பனி விளக்குக்கோ வேறெதற்கோ சுவிட்ச் இருக்கும். நமக்கு வெறும் பிளாஸ்டிக் மூடி. கம்பெனிக்காரர்கள் இரண்டு விதமான டேஷ்போர்டு செய்தால் செலவு அதிகம் என்று ஒரே அச்சில் வார்த்து ஓட்டையை மட்டும் மூடிவிடுகிறார்கள்.

டேஷ்போர்டுக்குச் சொன்னது வயரிங்குக்கும் பல மாடல்களில் பொருந்தும். பம்பருக்குப் பின்னால், டிக்கிக்கு உள்ளே, டேப் சுற்றிய ஒரு வயர் நுனி எதிலும் மாட்டாமல் தொங்கும். ஃப்யூஸ் பெட்டியில் பெயர் அச்சிட்ட இடம் ஒன்று காலியாக இருக்கும். பொருளை மட்டும் வாங்கி மாட்டினால் வேலை செய்துவிடும்.

அதை வீட்டிலேயே செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்து: சிலவற்றைச் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். சிலவற்றைத் தொடவே கூடாது. வருத்தம் என்னவென்றால், நம் பிள்ளைகள் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததற்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் செலவு செய்கிறார்கள். அலாய் வீல், கலர் கலராக எல்.இ.டி., கதவைத் திறந்தால் தரையில் கம்பெனி சின்னம் விழும் விளக்கு. அந்த விளக்கை ஒரு மருமகப்பிள்ளை எனக்குப் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. அதே காரில் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இது புதுப்பழக்கமும் இல்லை. மாருதி 800 வந்த காலம் நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும், அதில் பல மாடல்களுக்கு இடப்பக்கக் கண்ணாடி கிடையாது. ஓட்டுநர் பக்கம் ஒன்றுதான். இடப்பக்கம் வேண்டுமென்றால் ஆக்சஸரீஸ் கடையில் வாங்கி இரண்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொள்ள வேண்டும். சைக்கிள், மொபெட், ஆடு, மாடு எல்லாம் சாலையின் இடது ஓரத்தில் போகும் நாட்டில், இடப்பக்கக் கண்ணாடி கூடுதல் வசதியாம்! அன்றைக்குத் திருச்சி போய் அதை வாங்கி வந்து தன் கையால் மாட்டிய அத்தனை பேரும், நாம் இன்று பேசும் காரியத்தைத்தான் செய்தார்கள். அப்போது யாரும் அவர்களைச் சட்டவிரோதி என்று சொல்லவில்லை.

சரி, என் காருக்கு வருகிறேன். மார்கழி, தை மாத விடியற்காலையில் பெரம்பலூரிலிருந்து பாடாலூர் வழியாகத் திருச்சிக்குப் போனவர்களுக்கு அந்தப் பனி தெரியும். ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் எதிரே வெள்ளைத் துணி கட்டியது போல இருக்கும். பனி என்பது காற்றில் தொங்கும் நீர்த்துளி. மேலிருந்து போகும் வெளிச்சம் அந்தத் துளிகளில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. பனி விளக்கை பம்பரில் தாழ்வாக வைத்து, மேல்பக்கம் வெட்டிய மாதிரி அகலமாக ஒளி போகும்படி செய்வது அதனால்தான். சாலையின் ஓரக்கோடு தெரியும், கண்ணில் திருப்பி அடிக்காது. கடையில் விற்கும் நீளமான எல்.இ.டி. பட்டைக்கு இந்த வேலை தெரியாது. அது எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்கும், அவ்வளவுதான்.

என்னுடையது பனி விளக்கு இல்லாத மாடல். டாப் மாடலுக்கான அதே விளக்கு, அதைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் சட்டம் இரண்டையும் பார்ட் நம்பர் சொல்லி ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் வாங்கினேன். பக்கத்துத் தெருவில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிற என் பழைய மாணவரும் நானும் ஒரு காலை நேரத்தில் வீட்டு வாசலிலேயே மாட்டி முடித்தோம்.

பத்தாம் வகுப்பில் நான் நடத்திய மின்னோட்டப் பாடம் தேர்வுக்கு மட்டும் என்று நினைத்தவர்கள் இதைக் கவனியுங்கள். ஒரு விளக்கு 55 வாட். இரண்டு சேர்ந்தால் 110. கார் பேட்டரி 12 வோல்ட். வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு மின்னோட்டத்தை டேஷ்போர்டில் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாக நேராக விட்டால் சுவிட்ச் சூடாகும், உருகும், பிறகு புகையும். அதற்குத்தான் ரிலே. சுவிட்ச் ரிலேவின் காயிலுக்குத் துளி மின்சாரத்தை மட்டும் கொடுக்கும். அந்தக் காயில் காந்தமாகி உள்ளே இருக்கும் பெரிய தொடுப்பை இழுக்கும். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போகும் பெரிய மின்னோட்டம் அந்தத் தொடுப்பு வழியாகப் போகும். ரிலேவின் அடியில் பார்த்தால் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். 85, 86 காயில். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் பாடியில் உரசினால் காப்பாற்ற எதுவும் இருக்காது. இதை எத்தனை கடைகளில் தலைகீழாகச் செய்கிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

காருக்குள் தீப்பிடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் கம்பெனியைத் திட்டுகிறோம். வயரை நடுவில் பிளேடால் சீவி, முறுக்கி, மேலே டேப் சுற்றி விடுகிறோமே, அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இஞ்சின் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி ஒரு கோடைக்குள் கழன்றுவிடும். 55 வாட் இடத்தில் 100 வாட் பல்ப் போடுவதும் அப்படித்தான். வயரும் ஹோல்டரும் 55 வாட்டுக்குச் செய்தவை.

இதில் நாங்கள் செய்யாமல் விட்ட ஒன்றும் உண்டு. டாப் மாடலில் பனி விளக்கின் சுவிட்ச் ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியிலேயே வரும். அதே கம்பியை மாற்றலாம் என்று வீடியோ போடுகிறார்கள். மாற்ற ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும், அதன் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. ஏர்பேக் என்பது வெடிமருந்துப் பொருள். வீட்டு வாசலில் வைத்துக் கழற்றுகிற சாமான் இல்லை. டம்மி பட்டன் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தனி சுவிட்ச் வைத்துக்கொண்டோம். பார்க்க அழகு கொஞ்சம் குறைவு. பரவாயில்லை.

இப்போது ரிவர்ஸ் சென்சார். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

நம் ஊர் வீடுகளில் கார் நிற்கும் இடமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் ஒன்றே. வாசலில்தான் காரைக் கழுவுகிறோம், வாசலில்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம். சின்னக் காரில் பின் கண்ணாடியின் அடிவிளிம்பே ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை அதைவிடக் குள்ளம். பின்னால் ஒட்டி நின்றால் மூன்று கண்ணாடியிலும் தெரியாது. கவனமாக ஓட்டுகிறவர், அவசரப்படுகிறவர் என்ற வித்தியாசமே இதில் இல்லை. தெரியாது என்றால் தெரியாதுதான்.

அமெரிக்காவில் 2002-இல் கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, தன் தகப்பனாரே வீட்டு வாசலில் பின்னால் எடுத்த வண்டியில் சிக்கி இறந்தது. அந்தத் தகப்பனார் ஒரு குழந்தை மருத்துவர். அவர் அதோடு முடங்கிவிடாமல், சட்டம் வேண்டும் என்று போராடினார். குழந்தையின் பெயரிலேயே 2008-இல் சட்டம் கையெழுத்தானது. ஆனாலும் புதிய கார்களில் எல்லாம் பின்பக்கக் கேமரா கட்டாயம் என்பது நடைமுறைக்கு வர 2018 மே ஆகிவிட்டது. பத்து வருடம்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ஓட்டுநர் ஏர்பேக், முன் சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை எல்லாம் அதே தேதியில்தான் கட்டாயமாயின. அதுவரை அவை ஆப்ஷன். நல்லது, ஆனால் நம்மிடம் இருக்கும் கார்கள் எந்த வருடத்தவை? பெரம்பலூரிலும் அரியலூரிலும் செந்துறையிலும் ஜெயங்கொண்டத்திலும் கை மாறிக்கொண்டிருக்கும் செகண்ட்ஹேண்ட் கார்களில் 2019-க்கு முந்தியவை எத்தனையோ. இவற்றுக்கு யாரும் வந்து மாட்டித் தரப்போவதில்லை. நாமேதான் மாட்ட வேண்டும்.

வேலை கடினமில்லை. நான்கு சென்சாருக்கும் பம்பரில் ஓட்டை போட வட்ட வெட்டு பிட் பெட்டியிலேயே வரும். சில பம்பர்களின் உட்பக்கம் கம்பெனியே வட்டக் குறி வைத்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய ஐம்பது, அறுபது சென்டிமீட்டர். ரொம்பத் தாழ்த்தினால் தரையையே தடையென்று கத்தும். மின்சாரம் ரிவர்ஸ் விளக்கிலிருந்து. கியரைப் பின்னால் போட்டால் மட்டும் உயிர் பெறும். கேமராவும் வைப்பதாக இருந்தால் வயரை டிக்கிக் கதவின் ரப்பர் குழாய்க்குள்ளேயே விட வேண்டும். வெளியே விட்டால் கதவு சாத்திச் சாத்தி ஆறு மாதத்தில் அறுந்துவிடும். புதுசாக வரும் சில கார்களில் பல்ப் எரிகிறதா என்று கம்ப்யூட்டர் கண்காணிக்கும். அதில் இடையில் வயர் எடுத்தால் எச்சரிக்கை விளக்கு எரியலாம். அப்படிப்பட்ட காராக இருந்தால் தெரிந்தவரிடம் விடுவது உத்தமம்.

அரியலூர் பக்கத்துச் சொந்தங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்குப் பின்னால் ஒரு நாள் போய்வந்தால் கேமரா லென்ஸ் மாவு பூசியது போல ஆகிவிடுகிறது. பின் கண்ணாடியும் அப்படியே. கேமராவை மட்டும் நம்பாதீர்கள், சத்தம் போடும் சென்சாரும் வேண்டும். துடைக்க ஒரு துணியை டிக்கியிலேயே வையுங்கள். பின் வைப்பர் மாட்டலாமே என்று கேட்பீர்கள். உங்கள் காரின் பின் கண்ணாடியிலோ கதவிலோ அதற்கான துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கடினமாக்கிய கண்ணாடியில் நாமாகத் துளை போட முடியாது, பொடியாகிவிடும். பின் கண்ணாடியைச் சூடாக்கும் கோடுகளும் கண்ணாடியிலேயே பதித்தவை. கண்ணாடியையே மாற்றினால்தான் உண்டு.

செந்துறை பக்கத்திலிருந்து ஒரு மாணவர் போன் செய்தார். 2016 மாடல் பேஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். "சார், இதுக்கு ஏர்பேக் வெளியில வாங்கிப் போட முடியுமா சார்?" என்றார். "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல, பொண்டாட்டி புள்ளைங்க போற வண்டி."

கேள்வி நியாயமானது. பதில், முடியாது.

ஏனென்றால் ஏர்பேக் ஒரு பை மட்டும் இல்லை. மோதியதை உணரும் சென்சார், வெடிக்கலாமா வேண்டாமா என்று சில மில்லி விநாடிக்குள் முடிவெடுக்கும் கம்ப்யூட்டர், அதே கணத்தில் இழுத்துப் பிடிக்கும் சீட் பெல்ட், எல்லாவற்றையும் அந்தக் காரின் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்ற கணக்கோடு சேர்த்துச் செய்திருக்கிறார்கள். 2014 ஜனவரியில் குளோபல் என்காப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை ஏர்பேக் இல்லாத பேஸ் மாடலாக எடுத்து 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம். அதில் கவனிக்க வேண்டியது அடுத்த வரி. ஃபிகோ, போலோ இரண்டின் கூடு தாங்கியது, ஏர்பேக் இருந்தால் பலன் இருக்கும் என்றார்கள். மற்ற மூன்றின் கூடே தாங்கவில்லை, ஏர்பேக் வைத்தாலும் பெரிய பலன் இராது என்றார்கள். போலோவில் அந்தக் கம்பெனி இரண்டு ஏர்பேக்கை எல்லா மாடலுக்கும் போட்டது. அதே கார் மறு சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது.

பூஜ்ஜியத்துக்கும் நான்குக்கும் நடுவில் இருந்தது ஒரு ஆப்ஷன். அதைக் காசு உள்ளவனுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பாட்டுப் பெட்டியை ஆப்ஷனாக வை, மேற்கூரைக் கண்ணாடியை ஆப்ஷனாக வை. உயிரை வைக்காதே. பிறகு சட்டம் போட்டார்கள், உண்மைதான். ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலில், முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் 2022 தொடக்கத்தில். அதுவரை விற்ற லட்சக்கணக்கான கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன.

ஆகவே செகண்ட்ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: பழைய டாப் மாடலைவிட 2019 ஜூலைக்குப் பிந்திய பேஸ் மாடல் மேல். 2022-க்குப் பிந்தியதென்றால் இன்னும் மேல். விளக்கும் சென்சாரும் கேமராவும் பிறகு போட்டுக்கொள்ளலாம், ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் போட முடியாது. அந்த மாணவருக்கும் இதையே சொன்னேன். வாங்கியாகிவிட்டது, என்ன செய்வது? பின் சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போடுங்கள், குழந்தைக்கு உரிய சீட் வாங்கிப் பெல்ட்டோடு கட்டுங்கள், வேகத்தைக் குறையுங்கள். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலை உயர்ந்த காரில்தான். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார்.

இன்னொரு கூட்டம், கம்பெனி கொடுத்ததையே கெடுக்கிறது. பெல்ட் எச்சரிக்கைச் சத்தம் தொந்தரவு என்று அதை ஏமாற்ற ஒரு கிளிப். 2023 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு, இந்தக் கிளிப் பட்டியல்களை 13,118 இடங்களில் நீக்க வைத்தது. அத்தனை விற்பனை! முன்னால் இரும்புக் கம்பி கட்டுவது இன்னொன்று. நசுங்க வேண்டிய இடத்தை நசுங்கவிடாமல் செய்கிறது, அடிபடுகிறவனையும் கொல்கிறது. 2017 டிசம்பரிலேயே அதைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு இறுக்கமான கவர் தைத்துப் போடுவதையும் இதோடு சேர்க்கலாம். பை எங்கிருந்து வெளியே வரும்?

சட்டத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதியாகச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். இஞ்சின், எரிபொருள், நிறம், சீட் எண்ணிக்கை இவற்றில் கை வைத்தால் ஆர்.டி.ஓ. அலுவலகம் போயே ஆக வேண்டும். கேஸ் கிட் போடுவதை வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஆனால் அதே காரின் டாப் மாடலுக்கு அதே கம்பெனி செய்த, அரசு சோதித்து அனுமதித்த விளக்கையோ சென்சாரையோ பேஸ் மாடலில் மாட்டுவதை, சைலன்சரை அறுத்து ஊரை எழுப்புகிறவனோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இவை அனுமதிக்கப்பட்டவை என்று வெளிப்படையாக ஒரு பட்டியல் வெளியிட்டால் எவ்வளவு நிம்மதி. சோதனையில் நிறுத்தும் காவலருக்கும் அது உதவும்.

கம்பெனிகளும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு ஷோரூமில் என்னிடம், "இந்தப் பார்ட் உங்க வேரியண்ட்டுக்கு இல்ல சார், தர முடியாது" என்றார்கள். இன்னொரு ஊரில் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகத்தையும் பழுது பார்க்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடு என்று நீண்டது. கவுண்டரில் அந்தப் பதில் மட்டும் இன்னும் மாறவில்லை.

இனி வரப்போவது இதைவிட மோசம். பி.எம்.டபிள்யூ. கம்பெனி 2022-இல் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் சீட் ஹீட்டரை இயக்க மாதச் சந்தா கேட்டது. உலகமே திட்டியதும் அடுத்த வருடம் கைவிட்டது. பொருள் நம் காரிலேயே இருக்கும், அதைச் சுமந்து பெட்ரோல் செலவழிப்பது நாம், திறவுகோல் அவர்களிடம். டம்மி பட்டனையாவது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாம். சாஃப்ட்வேர் பூட்டை என் எலக்ட்ரீஷியன் மாணவர் எதைக் கொண்டு நெம்புவார்?

கடைசியாக இன்சூரன்ஸ். கம்பெனி விலையில் சேராத மின்சாதனம் எதைப் பொருத்தினாலும் பில்லைப் பத்திரமாக வைத்துப் புதுப்பிக்கும்போது சொல்லிவிடுங்கள். அதற்கென்று தனிச் சேர்க்கை உண்டு. பழைய டாரிஃப் கணக்கில் பொருளின் மதிப்பில் நூற்றுக்கு 4 ரூபாய். சொல்லாமல் விட்டுவிட்டு நஷ்டம் வந்தபின் வாதாடுவது வீண்.

செந்துறை மாணவர் வரும் ஞாயிற்றுக்கிழமை காரை இங்கே கொண்டு வருகிறார், சென்சார் மாட்டப் போகிறோம். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் காலை எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் வாசலில் நிற்க முடியாது. மல்டிமீட்டர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், என்னுடையதில் பேட்டரி தீர்ந்துவிட்டது.